கோப்பு நேரத்துக்கு 64 பிட் முழு எண்ணே பாதுகாப்பு
கொழிஞ்சாம்பாறையில் நெல் கொள்முதல் கணக்குகளைக் காப்பெடுக்க நாங்கள் எழுதிய சி மொழி நூலகத்தை ஒரு கம்பைலரிலும் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), அதை அழைக்கும் செயலியை மற்றொன்றிலும் தொகுத்தபோது, கோப்புகளின் அளவு தவறாக வந்தது. நூலகமும் செயலியும் பகிரும் பொதுத் தலைப்புக் கோப்பின் (header) ஸ்ட்ரக்சரில், அதாவது பல தரவு உறுப்புகளின் தொகுப்பில், நேரத்தைக் குறிக்கும் டைம்_டி (time_t) வகையை நாங்கள் நேரடியாக வைத்ததே காரணம். அது மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கம்பைலரில் 2005 பதிப்பு முதல் இயல்பாகவே 64 பிட். பல 32 பிட் சூழல்களில் 32 பிட் மட்டுமே என்பதால், அடுத்துள்ள உறுப்புகள் இடம் மாறிவிடுகின்றன.

எனவே நூலகத்துக்கு வெளியே தெரியும் இடங்களில், எங்கும் 64 பிட்டாகவே இருக்கும் இன்ட்64_டி (int64_t) முழு எண் வகையை மட்டும் வையுங்கள். அது 1970 ஜனவரி 1 முதலான நொடிகள் என்பதைக் குறிப்புரையில் எழுதுவதும் மிக அவசியம். ஏனெனில் விண்டோஸின் கோப்பு நேர வகையான ஃபைல்டைம் (FILETIME) 1601 முதல் 100 நானோநொடி அலகில் எண்ணுவதால், அதை ஒரு கோடியால் வகுத்து, 1601க்கும் 1970க்கும் இடையிலான 11644473600 நொடிகளைக் கழிக்க வேண்டும். 32 பிட் டைம்_டிக்கு மாற்றுமுன் வரம்பைச் சோதியுங்கள். 2038 ஜனவரி 19க்குப் பிந்தைய நேரம் அதில் அடங்காது.