உங்களை ஒரு கார்ட்டூன் விலங்காக வரைவது எப்படி

முதலில் சிங்கம், புலி, ஓநாயை எல்லாம் ஓரமாக வையுங்கள். நானும் ஓநாயில்தான் தொடங்கினேன். குமரி மாவட்டத்துத் தக்கலையில் பிறந்து வளர்ந்து ஓநாயைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆள், நாலே நாளில் சலித்துவிட்டது. தன்னையே ஒரு விலங்குப் பாத்திரமாகக் கற்பனை செய்துகொள்வதை ஃபர்சோனா என்பார்கள், இந்தச் சமாச்சாரத்தில் கெத்தான விலங்கைத் தேடிப் பிரயோஜனமில்லை, உங்கள் பழக்கம் எந்த விலங்கிடம் இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு ராத்திரி ஒரு மணிக்குத்தான் மூளை விழிக்கும், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவேன், பழம் என்றால் விடமாட்டேன். இதே லட்சணங்களோடு எங்கள் ஓட்டு வீட்டின் மச்சில் தினமும் ஒருவர் நடந்துகொண்டிருந்தார்: மரநாய். கேரள எல்லைப் பக்கம் மரப்பட்டி என்பார்கள். கள்ளுக் கலயத்தில் வாய் வைக்கும் என்பதால் வெள்ளைக்காரர்கள் கள்ளுப்பூனை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். (அந்தப் பழக்கம் மட்டும் எனக்கில்லை.)

விலங்கு முடிவானதும் அதன் நிஜப் படங்களைப் பார்த்து வரையுங்கள், ஆனால் பார்த்ததையெல்லாம் வரையாதீர்கள். மரநாய்க்குச் சாம்பல் உடம்பு, முகத்தில் கறுப்பு முகமூடி, முதுகில் வரிசையாகப் புள்ளிகள். முதல் படத்தில் அந்தப் புள்ளிகளை ஆசை ஆசையாக வைத்தேன், அடுத்த படத்தில் எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. இப்போது உடம்பின் ஒவ்வொரு பக்கமும் மூன்று புள்ளி, அவ்வளவுதான். நிறமும் நாலுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம், உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் ஆள் தெரிய வேண்டும். என்னுடையது எலியா பூனையா என்று புரியாத ஒரு கரிக்கட்டியாக நின்றது. மூக்கை நீட்டினேன், வாலை நிஜத்தைவிட நீளமாக்கிச் சுருட்டினேன், கூச்சம் வந்தால் மடங்குகிற மாதிரி இடது காதை மட்டும் பெரிதாக்கினேன். தெரிந்துவிட்டது.

கையில் ஏதாவது கொடுங்கள், அதில் உங்கள் ஊர் வரட்டும். ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை என்கிற மாவட்டம் என்பதால் என் ஆளுக்குக் குடை. இன்னொரு கையில் மட்டிப்பழம், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம குமரி மட்டி. என் ஆளின் பெயரும் மட்டிதான். எங்களுக்குப் பழம், மற்ற ஊர்க்காரர்களுக்கு மந்தபுத்தி. இரண்டும் எனக்குப் பொருந்தும்.

கடைசியாக, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் ஒரே தாளில் வரைந்து, ஓரத்தில் நிறங்களின் குறியீட்டு எண்ணையும் எழுதிவையுங்கள். வரைவதற்குப் போனில் ஐபிஸ் பெயின்ட் ஆப், கம்ப்யூட்டரில் கிரிட்டா மென்பொருள் போதும். வரைகிற கோட்டுக்கு ஒரு லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிற அடுக்கு), நிறத்துக்குத் தனி லேயர். இந்தத் தாள் இல்லாமல் நான் ஒருவரிடம் வாயால் விளக்கிப் படம் வரையச் சொன்னேன், வால் முழுக்க வளையம் போட்ட புனுகுப்பூனை வந்து சேர்ந்தது. காசு கொடுத்தாயிற்று, என்ன செய்ய? மட்டியின் சித்தப்பா என்று வைத்துக்கொண்டேன்.