பிரிண்டருக்குத் துணி உறை: அளவு, வெட்டு, மூலைத் தையல்

மேசையில் திறந்து கிடக்கும் பிரிண்டரில் தூசி படிந்தால், தாளை இழுக்கும் ரப்பர் உருளை பிடிமானம் இழந்து வழுக்கத் தொடங்கும். ஒரு மீட்டர் பருத்தித் துணி இருந்தால் அதற்கு உறை தைத்துவிடலாம்.

கேஸ்மென்ட் அல்லது கனமான பாப்ளின் நல்லது. சிந்தெடிக் துணி நிலைமின்னேற்றத்தால் தூசியைத் தானே இழுத்துக்கொள்ளும். ரெக்சின் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். துருக்கித் துண்டு வேண்டவே வேண்டாம். அதன் பஞ்சு உருளைக்குத்தான் போகும். புதுத் துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். தைத்த பின் முதல் சலவையில் சுருங்கினால் உறை ஏறவே ஏறாது.

அளக்கும்போது மூடிய நிலையில் எந்தப் பக்கம் எது அதிகம் துருத்திக்கொண்டிருக்கிறதோ, அதுவரை அளக்கவேண்டும். அகலம் 42, ஆழம் 35, உயரம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலத்திலும் ஆழத்திலும் 2 செ.மீ. தளர்வு சேருங்கள். அதற்கு மேல் விட்டால் மேல்பக்கம் தொய்ந்து அந்தக் குழியில் தூசி தேங்கும். உயரத்தில் 1 செ.மீ. குறையுங்கள், விளிம்பு மேசையில் புரளாது. ஆக 44, 37, 17. தையல் ஓரம் 1.5 செ.மீ., அடிமடிப்புக்கு 3 செ.மீ.

முன்பக்கம், மேல்பக்கம், பின்பக்கம் மூன்றும் ஒரே நீளத் துண்டு: 77 நீளம், 47 அகலம். பக்கத் துண்டுகள் இரண்டு: ஒவ்வொன்றும் 40 அகலம், 21.5 உயரம். 36 இன்ச் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியில் மூன்றும் அருகருகே அடங்கிவிடும். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த பிரிண்டர் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. பக்கவாட்டில் செய்தித்தாளை ஒட்டவைத்து உருவத்தை வரைந்து, அதையே மாதிரியாக வையுங்கள்.

வெட்டியதும் எல்லா ஓரங்களிலும் ஜிக்ஜாக் ஓட்டுங்கள். நேர்த்தையல் மெஷின் மட்டும்தான் இருக்கிறது என்றால் தையல் கடையில் கொடுத்து ஓவர்லாக் அடித்து வாங்குங்கள். பிசிறிலிருந்து உதிரும் நூல், உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இனி மூலை. உறை அழகாக நிற்பதும் கோணுவதும் இங்கேதான். நீளத் துண்டின் இரு முனைகளிலிருந்தும் 20 செ.மீ. அளந்து, இரண்டு ஓரங்களிலும் சாக்கால் குறியுங்கள். மொத்தம் நான்கு குறிகள். ஒவ்வொன்றிலும் ஓரத்திலிருந்து உள்ளே 1.2 செ.மீ. வெட்டுங்கள். 1.5-ஐத் தொட்டால் மூலையில் ஓட்டை விழும், 1 செ.மீ.க்குக் குறைந்தால் துணி விரியாமல் சுருங்கும்.

நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்க, பக்கத் துண்டைக் கீழேயும் நீளத் துண்டை மேலேயும் வைத்துக் குண்டூசி குத்துங்கள். வெட்டு கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் நீளத் துண்டு மேலே. 14-ஆம் எண் ஊசி, 2.5 மி.மீ. தையல். கீழிருந்து தைத்து, பக்கத் துண்டின் மேல் ஓரத்துக்கு 1.5 செ.மீ. இருக்கும்போது நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கியிருக்கட்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, வெட்டு வாய்விட்டு விரிவதைப் பார்த்தபின் காலை இறக்கித் தொடருங்கள். ஊசி மேலே இருக்கும்போது திருப்பினால் மூலை நழுவிவிடும். மெஷின் அடித் துணியைக் கொஞ்சம் வேகமாக இழுக்கும். குண்டூசி போதாவிட்டால் உறை முறுக்கிக்கொள்ளும்.

மின்வயருக்குத் தனியாக ஓட்டை போடவேண்டியதில்லை. வயர் வரும் பின்மூலையில் மட்டும், அடிமடிப்புக் கோட்டுக்கு மேல் 5 செ.மீ. வரை தையலைத் திறந்தே விடுங்கள். தையல் முடியும் இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டி, இரு ஓரங்களையும் உள்ளே மடித்துத் தைத்தால் பிளவு கிடைத்துவிடும். கடைசியில் கீழ்விளிம்பை முதலில் 1 செ.மீ., பிறகு 2 செ.மீ. என மடித்துச் சுற்றிலும் தையுங்கள்.

உறையைப் போடும் முன் பிரிண்டரை அதன் பொத்தானிலேயே அணையுங்கள். சுவர் சுவிட்சை நேரே அணைத்தால், இங்க்ஜெட்டில் அச்சுத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளாமல் நின்று மை உலர்ந்துவிடும். சூடு ஆறிய பிறகே மூடவேண்டும். எந்நேரமும் ஓடும் ரவுட்டருக்கு உறை தைக்காதீர்கள்; அதன் மேல் பூவேலைத் துணி விரிப்பதும் அதே தப்புதான்.

துவைத்தால் கஞ்சி போடவேண்டாம். கரப்பானுக்கு அது விருந்து. கழற்றும்போது முன்விளிம்பை அப்படியே தூக்கினால் மேலே இருக்கும் தூசி நழுவிப் பின்பக்கத் தாள்தட்டில் விழும். நான்கு பக்கத்தையும் மேல்பக்கத்தின் மீது மடித்துப்போட்டு, பொட்டலம்போல் எடுத்துக் கொண்டுபோய் வெளியில் உதறுங்கள்.