916 என்றால் தங்கம் மட்டும் இல்லை: பத்மநாபபுரம் மியூசியத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காலேஜ் பிள்ளைகள் நாலு பேரைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடித்தார்கள். தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கிழமை

அரண்மனைக்குத் திங்கள் லீவு, கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளி லீவு.

மியூசியத்தைக் கடைசிக்கு வைப்பது

அரண்மனைக்குள் மந்திரசாலை, தாய்க்கொட்டாரம், ஊட்டுப்புரை என்று ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தபிறகு, வளாகத்துக்குள்ளேயே இருக்கிற மியூசியத்தைப் பார்க்க யாருக்குத் தெம்பு இருக்கும்? கல்வெட்டும் சிலையும் அங்கேதான் இருக்கின்றன.

கொல்லம் ஆண்டைக் கி.பி. என்று படிப்பது

கொல்லம் ஆண்டு என்பது பழைய திருவிதாங்கூரில் புழங்கிய தனி ஆண்டுக் கணக்கு. இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் இதற்கு நான் கைக்காசு அழுதிருக்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விழா மலர் போட்டோம். படிக்கல்லில் 'கொல்லம் ௲௰௨' என்று இருந்தது. முதல் எழுத்து ஆயிரம், 'ய' மாதிரி இருப்பது பத்து, 'உ' மாதிரி இருப்பது இரண்டு என்று கண்டுபிடித்துவிட்ட பெருமையில், 1012-ஆம் ஆண்டு, ராஜராஜ சோழன் காலத்துக் கோயில் என்று எழுதி 500 பிரதி அச்சடித்தாயிற்று. கொடையன்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மலரைப் புரட்டிவிட்டு, "மக்களே, முன்னால கொல்லம்னு கிடக்கே, அத எங்க வச்சு முழுங்கின?" என்றார். அது 1836-37. திருவிதாங்கூர் மன்னர் ஸ்வாதித் திருநாள் காலம். கோயிலுக்கு எண்ணூறு வருஷத்தைச் சும்மா கூட்டிக் கொடுத்திருக்கிறேன்! மறுபடி அச்சடித்த செலவு என் தலையில் விழுந்தது.

கணக்கு இதுதான். கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குகிறது, நம் பக்கம் ஆவணியில் வருஷம் பிறக்கும். அதனால் ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்டணும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. மாதம் தெரியாவிட்டால் இரண்டு ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்த குளச்சல் போர் 1741 ஆகஸ்ட் 10, அதாவது கொல்லம் 916 ஆடி. இதைச் சொன்னதும் ஒரு பையன் "916-ஆ, தங்கமா சார்?" என்றான். சரி, அப்படியாவது ஞாபகம் இருந்தால் போதும்.

மியூசியத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய நிலப் பத்திரங்களை வீட்டுப் பெட்டியில் தேடிப் பாருங்கள், அங்கேயும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும்.

கல்லைத் தடவுவது

வேண்டாம்.

நேரே பஸ் ஏறுவது

பக்கத்துப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. குளச்சலில் பிடிபட்டு, அப்புறம் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டி லெனாயின் கல்லறை அதற்குள்தான். 1777-இல் இறந்தவர். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கும். லத்தீன் வரிகளில் வருகிற ஆண்டு கி.பி.தான், அதில் போய் 825-ஐக் கூட்டிவிடாதீர்கள். போன வாரம் ஒருவன் கூட்டினான்.