பாப்பிரஸ்: ஆப்பிரிக்கக் கோரையைத் தொட்டியில் வளர்ப்பது எப்படி

தண்ணீர் ஊற்றி ஊற்றியே செடியைச் சாகடிப்பவர்களுக்கென்று ஒரு செடி உண்டென்றால் அது பாப்பிரஸ்தான். வெள்ளை நைலின் சுத் சதுப்பு, விக்டோரியா ஏரிக்கரை, போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ என்று ஆப்பிரிக்க நீர்நிலைகளில் காடாக நிற்பது. 4 மீட்டர், நல்ல இடத்தில் 5 மீட்டர்கூட வளரும். அங்கே கிழங்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நீரின்மேல் மெத்தைபோல் மிதக்கும். நம் வயலில் களையாக வரும் கோரைக்கிழங்கும் பத்தமடைப் பாய்க்கோரையும் இதே சைபெரஸ் பேரினம்தான். அதனால் பாய்க்கோரை பயிரிடுவோருக்குத் தெரிந்தது பெரும்பாலும் இதற்கும் பொருந்தும்: காலடியில் ஈரம், தலையில் வெயில், வயிற்றுக்கு உரம். இதை வரவேற்பறை அலங்காரச் செடி என்று நினைத்து வாங்குவதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது.

வாங்கும்போது

நர்சரியில் பாப்பிரஸ் கேட்டால் பல நேரம் குடைக்கோரையை எடுத்துத் தருவார்கள். அதுவும் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்துச் செடிதான், ஆனால் வேறு இனம். கொண்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். குடைக்கோரையில் தண்டின் உச்சியில் தட்டையான, நீளமான இலைகள் குடைக்கம்பிபோல் வட்டமாக விரிந்திருக்கும். உயரம் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. பாப்பிரஸ் கொண்டையில் நூல்போன்ற பச்சை இழைகள் நூற்றுக்கும் மேல் கிளம்பி, துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி தொங்கும். தண்டை இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பாருங்கள், மழுங்கிய முக்கோணமாக உருளாமல் இடறும். அடியில் இலை என்று சொல்ல எதுவும் இருக்காது, பழுப்புச் செதில் உறைகள் மட்டுமே.

இடம் குறைவு என்றால் குள்ள பாப்பிரஸ் கேளுங்கள். சைபெரஸ் புரோலிஃபெர் என்பது அதன் பெயர். பெரும்பாலும் முக்கால் மீட்டரைத் தாண்டாது, பால்கனிக்குப் போதும். வளர்ப்பு முறை ஒன்றுதான், கீழே சொல்லும் அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

கன்றை வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். மண்ணை விரலால் விலக்கி, கிழங்கின் நுனியில் கூரான முளை இருக்கிறதா என்று பாருங்கள். முளை இல்லாமல் நாலு நெட்டைத் தண்டு மட்டும் இருந்தால் அந்தத் தண்டுகள் காய்ந்ததோடு கதை முடிந்தது.

தொட்டியும் மண்ணும்

இரட்டைத் தொட்டி முறைதான் எளிது. உள்ளே ஓட்டையுள்ள 20 லிட்டர் தொட்டியில் செடி. அதைத் தூக்கி ஓட்டையில்லாத 60 செ.மீ. அகல டப்பில் உட்கார வைப்பது. பிரிக்க வேண்டிய காலம் வரும்போது உள்தொட்டியை மட்டும் வெளியே எடுக்கலாம். தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருக்க வேண்டும். கிழங்கு கீழே போகாது, பக்கவாட்டில்தான் ஓடும். மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியை ஒன்றிரண்டு ஆண்டில் பிதுக்கிக் கிழித்துவிடும் வலு அதற்கு உண்டு.

எடையை முதலிலேயே கணக்குப் போடுங்கள். ஈரக்களிமண் நிரம்பிய 20 லிட்டர் தொட்டியே 35 கிலோவுக்குப் பக்கம் வரும். டப்பில் 60 லிட்டர் தண்ணீர் நின்றால் அது 60 கிலோ. நூறு கிலோவை மாடியில் ஓரிடத்தில் வைத்தபின் நகர்த்துவது நடக்காத காரியம். தூண் அல்லது சுவருக்கு மேலே வரும் இடமாகப் பார்த்து, காலியாக இருக்கும்போதே வைத்துவிடுங்கள்.

மண்ணுக்கு வண்டலோ வயல் களிமண்ணோ மூன்று பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. தொழு உரத்தை மொத்தத்தில் கலக்க வேண்டாம். நன்றாக மக்கியது இரண்டு கைப்பிடி மட்டும் அடியில் போட்டு, மேலே மண்ணை நிரப்புங்கள். மக்காத சாணம் நீருக்கடியில் அழுகினால் டப் முழுக்கச் சாக்கடை நாற்றம்தான். கோகோபீட் என்னும் தென்னை நார்த்தூள் கலந்த கடை மண்கலவையும் ஆகாது, தண்ணீர் ஊற்றியவுடன் எல்லாம் மிதந்து மேலே வந்துவிடும். கடைசியில் இரண்டு செ.மீ. சிறு சரளை பரப்பினால் மண் கலங்காது.

நடும் விதம்

கிழங்கைக் கோரைக்கிழங்கு மாதிரிக் குண்டாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இது இஞ்சிபோல் படுத்தபடி முன்னோக்கி ஓடும் தண்டு, முன்முனையில்தான் புதுமுளை. இரண்டு மூன்று தண்டும் குறைந்தது ஒரு முளையும் உள்ள துண்டாக எடுத்து, வெட்டிய முனை தொட்டிச் சுவரை ஒட்டியும் முளை நடுப்பக்கம் பார்த்தும் இருக்குமாறு படுக்க வையுங்கள். மாற்றி வைத்தால் மறுமாதமே முளை சுவரில் முட்டி நின்றுவிடும். மேலே இரண்டு விரற்கடை மண் போதும், முளை நுனி வெளியே தெரியட்டும். பழைய தண்டுகளை 20 செ.மீ. விட்டு வெட்டிவிட்டால் காற்றில் ஆடி வேர் பெயராது.

தண்ணீரை எடுத்த எடுப்பில் நிரப்ப வேண்டாம். முதல் இரண்டு வாரம் மண்ணுக்கு மேலே இரண்டு செ.மீ. நின்றால் போதும். புதுத்தண்டு ஒரு முழம் எழுந்தபின் 10 முதல் 15 செ.மீ. வரை உயர்த்தலாம். பிடித்து வளர்ந்த செடி 30 செ.மீ. நீரிலும் நிற்கும்.

நடவுக்கும் பிரிப்புக்கும் மாசி, பங்குனி நல்ல பருவம். வெப்பம் ஏற ஏற வேகமாகக் கிளம்பும். 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி பட்டால் மேல்பாகம் கருகும், கிழங்கே உறைந்தால் செடி போச்சு. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே உள்ள கென்யாவின் நைவாஷா ஏரியில் இது நிற்கிறது என்பதால் மலை உயரம் தடையில்லை. உதகையில் பனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் மட்டும் உள்தொட்டியைத் தூக்கிக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும்.

தண்ணீர், வெயில், உரம்

ஆறு மணி நேர நேர்வெயில் குறைந்தபட்சம். அதற்குக் குறைந்தால் தண்டு மெலிந்து, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாயும். காற்று வேறு விஷயம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் இரண்டு மீட்டர் தண்டு எம்மாத்திரம். கொண்டை பாய்போல் காற்றைப் பிடிக்க, தண்டு நடுவில் மடியும். மடிந்தது நிமிராது. மேற்கே சுவரோ வேலியோ உள்ள மூலைதான் சரி. கம்பு நட்டுத் தண்டுதண்டாகக் கட்டாதீர்கள், கட்டிய இடத்திலேயே ஒடியும். சுற்றிலும் மூன்று குச்சி நட்டு, இடுப்பளவில் ஒரு கயிற்று வளையம் போட்டால் போதும்.

சித்திரை வெயிலில் அடர்ந்த ஒரு தொட்டி நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் குடிக்கும். ஊருக்குப் போகிற வாரத்தில் டப்பை விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போங்கள். ஒரே ஒருநாள் மண் வறண்டால்கூட இழை நுனிகள் கருகும், கருகியது பச்சையாகாது.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க வேண்டாமென்று செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் உப்பு ஏற்கெனவே கூடியிருக்கிறது. டப்பிலோ வடிய வழியில்லை. நீர் ஆவியாகப் போக உப்பு மட்டும் தங்கித் தங்கி, விளிம்பில் வெள்ளைப் படிவமாகத் தெரியும்போது இழை நுனியும் பழுத்திருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள ஊர்களில் மாதம் ஒருமுறை டப்பின் நீரை முழுதாக இறைத்துவிட்டு, மழைநீரோ ஏ.சி. வடிநீரோ கலந்து நிரப்புங்கள்.

உரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 17:17:17 காம்ப்ளக்ஸ் 10 கிராம், இரண்டு தேக்கரண்டி அளவு. அதைக் களிமண்ணில் எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து நிழலில் உலர்த்தி, மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் விரலால் அழுத்திவிடுங்கள். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை, குளிர்மாதங்களில் வேண்டாம். தண்ணீரில் தூவினால் செடிக்கு முன்னால் பாசி தின்றுவிடும், மீன் இருந்தால் அதற்கும் ஆபத்து.

கொசுவை விட்டுவிட்டு இந்தச் செடியைப் பற்றிப் பேசக்கூடாது. தேங்கிய தெளிந்த நீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். நான்கைந்து கப்பி மீன் விடுவது எளிய வழி. விளிம்புக்கு 5 செ.மீ. கீழே ஓட்டை போட்டு வலைத்துணி கட்டிவிட்டால் மழையில் மீன் வழிந்தோடாது. மீன் வேண்டாம் என்றால் வாரம் ஒருமுறை நீரை முழுதாக மாற்றி டப்பின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

கெடும்போது

ஒரு தண்டு சில மாதங்களே இருக்கும். பழைய தண்டு உச்சியிலிருந்து மஞ்சளாவது நோயல்ல, அதன் முறை முடிந்தது. வெட்டுங்கள், ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு. தண்டின் உள்ளே பஞ்சுபோன்ற சோற்றில் காற்றறைகள் இருக்கின்றன. நீருக்குக் கீழே வெட்டினால் அந்த வழியே தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகத் தொடங்கும். அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று ஆனால் பெரும்பாலும் இதுதான் காரணம். அழுகிய பகுதியை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி எறிந்துவிட்டு, மீதியைப் புதுமண்ணில் நடலாம்.

இளந்தண்டும் வெளிறினால் பசி. உர உருண்டை வைத்துப் பதினைந்து நாள் பாருங்கள். புதுத்தண்டே வராமல் நடுவில் பழுப்புக் கட்டை மட்டும் நின்றால் கிழங்கு சுவரை எட்டிவிட்டது. தொட்டியை எடுத்துக் கவிழ்த்து, ரம்பத்தால் நான்காக அறுத்து, ஓரத்துத் துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கட்டை இனி முளைக்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை இந்த வேலை வரும்.

கொண்டை விரியாமல் சுருண்டிருந்தால் செதில் உறைக்குள் மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் சில துளி. தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள், மீனுள்ள நீரில் சோப்பு விழக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் கொண்டையைக் கடித்துக் குதறுவது பூச்சியாக இராது.

பெருக்குவது

பாப்பிரஸுக்குக் கிழங்கைப் பிரிப்பதே நம்பிக்கையான வழி. விதை பொடி, ஈர மண்ணின்மேல் மூடாமல் தூவி வெளிச்சத்தில் வைத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பழைய விதை முளைப்பது அபூர்வம். குடைக்கோரைக்கு வேறொரு வித்தை உண்டு. முற்றிய கொண்டையை ஐந்து செ.மீ. காம்போடு நறுக்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, வாளித் தண்ணீரில் தலைகீழாக மிதக்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை கூடும் நடுப்புள்ளியிலிருந்து வெள்ளை வேரும், கூடவே ஊசிபோல் பச்சை முளையும் கிளம்பும். முளை விரல் நீளமானதும் நடலாம்.

வெட்டிய பாப்பிரஸ் தண்டை வீணாக்க வேண்டியதில்லை. அடிப்பாகத்தின் பச்சைத் தோலைச் சீவி, உள்சோற்றை மெல்லிய பட்டைகளாக நீளவாக்கில் அறுத்து, மூன்று நான்கு நாள் ஊறவைத்துச் சப்பாத்திக் கட்டையால் உருட்டுங்கள். துணிமேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டடுக்கு அடுக்கி, பலகைக்கிடையே பாரம் ஏற்றி, துணியைத் தினமும் மாற்றினால் ஒரு வாரத்தில் தாள். பழைய முசிறித் துறைமுக வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒருபக்கமும், ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு மறுபக்கமும் எழுதிய 2ஆம் நூற்றாண்டுத் தாள் வியன்னாவில் இருக்கிறதே, அதுவும் இந்தச் சோறுதான்.

கிழங்குத் துண்டுகளை மட்டும் ஏரி, வாய்க்கால் பக்கம் வீசாதீர்கள். வெங்காயத்தாமரையும் அலங்காரமாகத்தான் வந்தது. புளோரிடாவின் நீர்நிலைகளில் தோட்டத்திலிருந்து தப்பிய பாப்பிரஸ் இருக்கிறது. எஞ்சியவற்றைச் சிறிதாக நறுக்கி, சிமெண்ட் தளத்தில் மூன்று வாரம் வெயிலில் போட்டு, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காய்ந்தபின் உரக்குழியில் சேருங்கள். பச்சையாகப் போட்டால் குழியிலேயே முளைக்கும்.