ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் பொருத்துவது எப்படி? உதைப்பைப் புரிந்துகொண்டு தொடங்குங்கள்

புதிதாக ஏர் ரைஃபிள் வாங்குபவர்கள் கையோடு ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் குறி இடம் மாறத் தொடங்கும். பழி பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) மேல் விழும். ஆனால் கோளாறு பெரும்பாலும் ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்டில்தான் இருக்கும்.

0.177 அங்குல பெல்லட்டின் எடை சுமார் அரை கிராம். அது நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறந்தாலும், 3 கிலோ ரைஃபிளை நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில்தான் பின்னே தள்ளும். தோளுக்கு அது தெரியவே தெரியாது. நாம் உணரும் உதைப்பு உள்ளே ஓடும் பிஸ்டனுடையது. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே வீசும்போது ரைஃபிள் பின்னே வருகிறது. நெருக்கப்பட்ட காற்றில் பிஸ்டன் மோதி நிற்கும்போது ரைஃபிள் வெடுக்கென முன்னே எகிறுகிறது. இந்த ஆட்டம் தொடங்கும்போது பெல்லட் இன்னும் பேரலுக்குள்தான் இருக்கிறது.

அதனால் வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உதவும் பல உதிரிகள் இங்கே வீண். பேரல் முனையில் மாட்டும் மசில் பிரேக் திசை திருப்புகிற அளவுக்கு இங்கே வாயு கிடையாது. ஸ்பிரிங்கை இழுக்கப் பேரலை மடக்கும்போது பிடிமானம் தருவதே அதன் பயன். கோணலாகப் பொருத்தினால் பெல்லட் அதில் உரசும். ரப்பர் பட் பேட் தோளில் வழுக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான். இருகால் தாங்கியான பைபாடை நான் பரிந்துரைக்க மாட்டேன்: முன்கட்டை கடினமான ஒன்றின் மேல் நின்றால், ரைஃபிள் துள்ளும் விதம் மாறி பெல்லட் வேறு இடத்தில் விழும்.

ஸ்கோப், மவுண்ட் தேர்வு. பெட்டியில் 'ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது' என்று இருக்க வேண்டும். பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப் பலவும் பின்னோக்கிய உதைப்பைத் தாங்கத்தான் செய்யப்பட்டவை. முன்னோக்கிய எகிறலில் ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக் கோடுகள்) அறுந்துபோகும், லென்ஸ் தளரும். பேரலாக்ஸை, அதாவது கண் அசைந்தாலும் குறி நகராமல் தெரியும் தூரத்தை, 10 மீட்டர் வரை குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். மவுண்ட் கவ்விப் பிடிக்கும் ரெயில் உங்கள் ரைஃபிளில் 11 மில்லிமீட்டர் டவ்டெயிலா, அகலமான பிக்காடின்னியா என்று அளந்துவிட்டு, ஸ்டாப் பின் (நகராமல் தடுக்கும் சிறு முளை) உள்ள ஒரே துண்டு மவுண்டை வாங்குங்கள். போட்டிதான் இலக்கு என்றால் ஸ்கோப்பே வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை.

பொருத்துதல். பெல்லட் உள்ளே இல்லை, ஸ்பிரிங் இழுத்து வைக்கப்படவில்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ரெயிலிலும் மவுண்டிலும் உள்ள எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்தெடுங்கள். இனி ஸ்டாப் பின். ரைஃபிள் முன்னே எகிறும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் மவுண்ட் ஒவ்வொரு முறையும் இம்மியளவு பின்னே நகரும். ரெயிலில் உள்ள துளைக்குள் பின்னை இறக்கி, அது துளையின் பின்சுவரைத் தொடும் வரை மவுண்டைப் பின்னே தள்ளிவிட்டு, அதன் பிறகே பக்க ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். பின்னுக்கும் சுவருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் விட்டாலும் மவுண்ட் அந்த ஒரு மில்லிமீட்டரை ஓடித் தீர்க்கும்.

ஸ்கோப்பை வைத்து, கன்னம் இயல்பாகக் கட்டையில் படியும்போது காட்சி முழு வட்டமாகத் தெரியும் வரை முன்பின் நகர்த்துங்கள். எதிரே ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரைஃபிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டு, ரெட்டிகிளின் செங்குத்துக் கோட்டை அதோடு ஒட்டுங்கள். மேல் வளைய ஸ்க்ரூக்களைக் குறுக்குமறுக்காக, கால் சுற்று கால் சுற்றாக முடுக்குங்கள். இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். சுமார் 2 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் குழாய் நசுங்கும்.

ஜீரோ செய்தல், அதாவது குறியும் பெல்லட் விழும் இடமும் ஒன்றாகும்படி திருத்துதல். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பெல்லட்டைத் தாங்கும் பின்தடுப்பு வைத்து 10 மீட்டரில் தொடங்குங்கள். முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் வைத்து, விரலால் இறுக்காமல், தோளிலும் அழுத்தாமல் சுடுங்கள். ரைஃபிள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துள்ள இடம் கொடுப்பதுதான் நோக்கம். ஒரு துளையை வைத்துத் திருத்தாதீர்கள். ஐந்து பெல்லட் விழுந்த கூட்டத்தின் (குரூப்) நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக் 10 மீட்டரில் 0.7 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் சுமார் 20 கிளிக்.

குறியை மேலே ஏற்ற ஏற்ற டரட் (ஸ்கோப்பின் திருத்தும் திருகு) முடிவுக்கு வந்துவிட்டால் அங்கே நிறுத்துங்கள். பேரல் மடங்கும் ரைஃபிள்களில் பேரல் கொஞ்சம் கீழ்நோக்கி இருப்பது சகஜம். கடைசி எல்லையில் ஸ்கோப்பின் உள்ஸ்பிரிங் இறுக்கம் இழந்து, உதைப்புக்கு உதைப்பு குறி அலையும். அந்தச் சரிவை ஈடுகட்டும் மவுண்ட்தான் சரியான மருந்து.

பிறகு குரூப் விரிந்தால் முதலில் ஸ்டாக் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். முன்கட்டையின் இரண்டும் ட்ரிகர் கார்டில் உள்ளதும் அதிர்வில் தளரும். கழற்றித் துடைத்து, நீல நிற திரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். அடுத்து மவுண்ட் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் விளிம்போரம் ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் உடனே தெரிந்துவிடும். அதிகம் எடையில்லாத உலோகக்கலவை பெல்லட்டைத் தவிருங்கள், பெல்லட் போடாமல் ஒருபோதும் சுடாதீர்கள். எதிரே தடுக்கக் காற்று மெத்தை உருவாகாததால் பிஸ்டன் நேராகச் சிலிண்டர் முனையில் அறையும். சீலும் ஸ்பிரிங்கும் ஸ்கோப்பும் சேர்ந்தே அடி வாங்கும்.