ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் உதைபந்து மேட்ச் வைத்தால் என்ன செய்வது?

சீசன் தொடங்க முதலே முடிவெடுத்துவிடுங்கள். சனி இரவு வாட்ஸ்அப்பில் "நாளைக்குக் காலமை ஏழரைக்கு மக்கெய்சர் மைதானத்தில நில்லுங்கோ" என்று மெசேஜ் வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் சரிவராது, அந்த நேரம் பூட்ஸ் பைக்குள் போயிருக்கும், மனமும் கூடவே போயிருக்கும்.

ஸ்கொட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடலின் கதை பிரசங்கத்தில் வருவதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓடமாட்டேன் என்றார், 400 மீற்றரில் 47.6 செக்கனில் தங்கம் எடுத்தார். ஆனால் அவர் பாரிஸில் போய் இறங்கிக் கடைசி நேரத்தில் மறுக்கவில்லை. அட்டவணை மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தது, அப்போதே சொல்லிவிட்டு 400க்குப் பயிற்சி எடுத்தார். ஞாயிறில் வந்த அஞ்சலோட்டங்களையும் விட்டார், அவற்றுக்குப் பதிலாக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945இல் அங்கே ஒரு தடுப்பு முகாமில் இறந்தார். ஆகவே "கீழ்ப்படிந்தால் மெடல் வரும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அது வியாபாரம்.

கத்தோலிக்கர் என்றால் முதலில் பங்கில் விசாரியுங்கள். சனி மாலைப் பூசை ஞாயிறுக் கடமைக்குச் செல்லும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது, வீணாக வீரம் காட்டத் தேவையில்லை. மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்த வழி இல்லை, அவர்கள் பயிற்சி தருகிற சேரோடு கதைத்தே ஆகவேண்டும்.

கதைப்பதற்கும் நேரம் இருக்கிறது. தோற்ற மேட்ச் முடிந்த கையோடு வேண்டாம், மற்றப் பொடியன்களுக்கு முன்னாலும் வேண்டாம். கிழமை நாளில் பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் போடும்போது கிட்டப்போய்ச் சொல்லுங்கள்: "சேர், ஞாயிறு ஆராதனை முடியப் பத்து மணியாகும். அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் என்டாலும் நிப்பன்." பைபிள் வசனம் சொல்லத் தேவையில்லை. திருகோணமலையில் இது யாருக்கும் புதிதில்லை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்துதான் முஸ்லிம் பொடியன்கள் மைதானத்துக்கு வருவார்கள், கோயில் திருவிழா என்றால் சேரே வரமாட்டார். முன்கூட்டிச் சொன்னால் பாதிப்பேர் விளங்கிக்கொள்வார்கள், மீதிப்பேர் முறைப்பார்கள்.

சரி, ஞாயிறோடு விஷயம் முடிந்துவிட்டதா? என்னைக் கேட்டால் ஞாயிறுதான் லேசான பகுதி. மைதானத்துக்குள் இறங்கும்போது சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, பெட்டிக்குள் ஒருவரும் தொடாமலே விழுந்து பெனல்டி கேட்கிறவனை என்ன சொல்வது? பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைத்துப் பதினாறு வயதுக்குட்பட்ட அணியில் நிற்கிற பிள்ளையின் அம்மா அப்பா முன்வரிசையில் இருந்து ஜெபிக்கிறார்கள் என்றால்? "ஒருவன் மல்யுத்தம்பண்ணினாலும், சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது விளையாட்டு உதாரணம்தான்.

இதைச் சின்னதில் பழகுங்கள். பந்து கடைசியாக உங்கள் காலில் பட்டு வெளியே போயிருக்கிறது, லைன்ஸ்மன் கொடியை உங்கள் பக்கம் காட்டுகிறார், "சேர், என்னில பட்டது" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு த்ரோ போகும், உங்கள் ஆட்களே ஏசுவார்கள். அரையிறுதியில் கையில் பட்டு விழுந்த கோலைப் பற்றி உண்மை சொல்லும் துணிவு அப்படித்தான் வரும், திடீரென்று வராது.

பெற்றோருக்கும் ஒன்று: ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) வருடத்தில் ஞாயிறு காலை டியூஷனுக்கு நீங்களே மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டீர்கள் என்றால், உதைபந்துக்கு மட்டும் "ஆண்டவருடைய நாள்" என்று சொல்லாதீர்கள், பிள்ளை கணக்கு வைத்திருக்கும்.

லிஸ்டில் பெயர் இல்லாமல் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். திங்கள் பின்னேரம் வழமைபோலப் பயிற்சிக்குப் போங்கள், உங்கள் இடத்தில் விளையாடின பொடியனிடம் மேட்ச் எப்படிப் போனது என்று கேளுங்கள், அவன் கோல் போட்டிருந்தால் கைகொடுங்கள். அப்புறம், சேரைப் பார்த்து "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்பவருக்கு அது சாபம் மாதிரித்தான் இருக்கும்.