வெற்றிலைப் பெட்டிக்குள் ஒரு செல்போன்

மன்னார்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். தாளடி அறுவடை முடிந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பங்குனியில் சொந்தமாக ஒரு செல்போன் செய்தேன்.

வேண்டியவை: ஆர்டுயினோ உனோ பலகை (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர்), சிம் 800எல் மாட்யூல் (சிம் போட்டால் அழைப்பைக் கவனிக்கும் சின்னப் பலகை), 16 பொத்தான் கீபேட், 8 ஓம் ஸ்பீக்கர், சின்ன மைக், ஒரு 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரி), ஆர்டுயினோவுக்கு 5 வோல்ட் ஏற்றித் தர ஒரு பூஸ்ட் பலகை. இந்த மாட்யூல் 2ஜியில் மட்டுமே பேசும். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் ஆகாது.

கரன்ட்தான் இதில் முக்கால்வாசி வேலை. வயலில் மோட்டார் போட்டதும் பல்பு மங்குமே, அதே கதைதான். செல்போன் கோபுரத்தைத் தேடும் நொடியில் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான் முதலில் ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து கொடுத்தேன், தப்பு. மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட்தான் ஆகும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரில் கொடுங்கள், பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றைப் பற்றவையுங்கள். மாட்யூலில் உள்ள சின்ன விளக்கு நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் இன்னும் தேடுகிறது. மூன்று நொடிக்கு ஒருமுறை என்றால் பிடித்துவிட்டது.

ஆர்டுயினோ அனுப்பும் 5 வோல்ட் சிக்னலை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துப் பாதியாக்கி மாட்யூலுக்குக் கொடுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து மாட்யூலுக்கு ‘ஏடி’ (AT) என்று ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ‘ஓகே’ வர வேண்டும். அழைக்க ‘ஏடிடி’ (ATD), ஒட்டியே எண், கடைசியில் அரைப்புள்ளி (;). அந்த அரைப்புள்ளி இல்லாவிட்டால் குரல் அழைப்பு போகாது. ஒரு மாலை முழுக்க அதற்கே போயிற்று. எடுக்க ‘ஏடிஏ’ (ATA), வைக்க ‘ஏடிஎச்’ (ATH). கீபேட் புரோகிராம் எளிது, அதை விட்டுவிடுகிறேன்.

அப்பாவின் பித்தளை வெற்றிலைப் பெட்டியில் எல்லாவற்றையும் அடக்கினேன். அழகாகத்தான் இருந்தது. மூடியதும் சிக்னல் செத்தது. உலோகத்துக்குள் ஆன்டெனாவை வைத்தால் வேறென்ன ஆகும்? ஆன்டெனா ஒயரை மட்டும் பெட்டிக்கு வெளியே விட்டேன்.

முதல் அழைப்பு சித்தப்பாவுக்கு. “யாரப்பா, வண்டு ரீங்காரம் போடுகிறதே?” என்றார். மைக்கின் இரண்டு ஒயர்களையும் முறுக்கி, ஆன்டெனாவிடமிருந்து தள்ளி வைத்தேன். வண்டு ஓய்ந்தது.